'கதார்சிஸ்': ஒரு சொல்லின் பொருள் வரலாறும் ஒப்பாய்வில் அதன் பயன்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

அடக்கி வைத்த உணர்ச்சி திடீரெனப் பீறிட்டு வெளிப்பட்டு மனம் இலகுவாவதை இன்றைய ஆங்கிலம் 'கதார்சிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லால் குறிக்கிறது. இப்பொருளை அரிஸ்டாட்டிலின் 'கவிதையியல்' நூலுக்கும் ஏற்றி உரைப்பது ஒப்பிலக்கிய ஆய்வில் எளிதில் நேரும் பிழை. கிரேக்க மருத்துவம் தொடங்கி இருபதாம் நூற்றாண்டு உளவியல் வரை இச்சொல் அடைந்த பொருள் மாற்றங்களை இக்கட்டுரை கால வரிசையில் ஆராய்கிறது. இன்றைய பொருளில் அடங்கியுள்ள கூறுகளுள் 'ஆறுதல்' மட்டுமே பழமையானது என்பதும், 'தேங்கிய உணர்ச்சி', 'பீறிடும் வெளிப்பாடு' என்பவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேர்ந்தவை என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: கதார்சிஸ், அரிஸ்டாட்டில், துன்பியல், பெர்னேஸ், பிராய்டு, மெய்ப்பாடு, கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

கலைச்சொற்களுக்கும் வரலாறு உண்டு. ஒரு மொழியில் பிறந்து, பல துறைகளைக் கடந்து, வேறொரு மொழியில் குடியேறும் சொல் தன் பழம்பொருள்களுள் சிலவற்றை இழக்கிறது; சிலவற்றைப் புதிதாகப் பெறுகிறது. ஆய்வாளர் அச்சொல்லின் இறுதிப் பொருளை மட்டும் அறிந்து, அதனைக் கொண்டு முதல் நூலைப் படிக்க முற்பட்டால் நூல் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகக் கொள்ள நேரும். 'கதார்சிஸ்' இதற்குத் தக்க சான்று. ஒருவர் வாய்விட்டு அழுது ஓய்ந்ததையும், கோபத்தைக் கொட்டித் தீர்த்ததையும், நாட்குறிப்பு எழுதி மனப்பாரம் குறைந்ததையும் ஆங்கில நாளிதழ்கள் இச்சொல்லாலேயே சுட்டுகின்றன. இப்பொருள் எப்போது, யாரால், எவ்வழியே வந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

கிரேக்க வழக்கில் சொல்லின் பொருள்கள்

'தூய' என்று பொருள்படும் 'கதரோஸ்' என்னும் சொல்லோடு உறவுடையது 'கதார்சிஸ்'. அரிஸ்டாட்டிலுக்கு முன்பே இச்சொல் மூன்று தளங்களில் வழங்கியது. முதலாவது சமயத் தளம். கொலைப்பழி முதலியவற்றால் தீட்டுற்றவரைச் சடங்கின் வழியே தூய்மைப்படுத்துதல் இதன்பாற்படும். இரண்டாவது மருத்துவத் தளம். இப்போக்கிரத்தீசின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களில், உடலில் மிகுந்த நீர்மங்களை வெளியேற்றுதல் இப்பெயர் பெறுகிறது. அரிஸ்டாட்டிலும் தம் உயிரியல் நூல்களில் மாதவிடாய்ப் போக்கைக் குறிக்க இதனை ஆள்கிறார். மூன்றாவது மெய்யியல் தளம். பிளேட்டோவின் 'ஃபீடோ' உரையாடல், உயிர் உடலினின்று தன்னைப் பிரித்துக்கொள்வதை இச்சொல்லால் விளக்குகிறது.

இம்மூன்று தளங்களுக்கும் பொதுவாக நிற்பது 'வேண்டாததை நீக்கித் தூய்மை பெறுதல்' என்னும் கருத்து. உணர்ச்சியின் திடீர் வெளிப்பாடு இவற்றுள் எதிலும் இல்லை.

அரிஸ்டாட்டிலின் இரு நூல்கள்

'கவிதையியல்' நூலில் இச்சொல் இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. ஆறாம் இயலில் உள்ள துன்பியல் வரையறை ஒன்று. இரக்கம், அச்சம் ஆகியவற்றின் வழியே அத்தகைய உணர்ச்சிகளின் கதார்சிசைத் துன்பியல் நிறைவேற்றுகிறது என்பது அவ்வரையறையின் இறுதிப் பகுதி. பதினேழாம் இயலில், ஒரஸ்டீசு மீட்சி பெறுவதற்குக் காரணமாகும் தூய்மைச் சடங்கு மற்றொன்று. பின்னது முற்றிலும் சமயப் பொருளது. முன்னது எப்பொருளது என்பதை நூல் விளக்கவில்லை.

சிக்கலின் ஒரு பகுதி இலக்கணத்தில் உள்ளது. 'உணர்ச்சிகளின் கதார்சிஸ்' என்னும் தொடரில் கிரேக்க ஆறாம் வேற்றுமை இரு வகையாகப் பொருள் தரும். தமிழிலும் 'நீரின் தூய்மிப்பு' என்றால் தூய்மை பெறுவது நீர். 'அழுக்கின் நீக்கம்' என்றால் வெளியேறுவது அழுக்கு. அவ்வாறே, உணர்ச்சிகள் தூய்மை அடைகின்றன என்றும், உணர்ச்சிகள் வெளியேற மனம் தூய்மை அடைகிறது என்றும் அத்தொடரைப் பிரித்துக் காணலாம். பிற்காலத்து உரைப்பூசல்கள் பலவற்றுக்கும் இவ்விரட்டைப் பொருளே ஊற்று.

'அரசியல்' நூலின் எட்டாம் பகுதி, ஏழாம் இயல் சிறிது வெளிச்சம் தருகிறது. அங்கு இசையின் பயன்களைக் கூறுமிடத்து, தெய்வ வெறி கொள்வோர் கிளர்ச்சி தரும் இசையைக் கேட்டபின் மருத்துவமும் கதார்சிசும் பெற்றவர் போல அமைதி அடைகின்றனர் என்கிறார் அரிஸ்டாட்டில். இரக்கமும் அச்சமும் மிக்கவருக்கும் அவ்வாறே இன்பத்தோடு கூடிய ஆறுதல் கிடைக்கிறது என்பது அவர் கருத்து. இச்சொல்லைக் கவிதை பற்றிய நூலில் தெளிவாக விளக்குவதாகவும் அவ்விடத்தில் குறிப்பிடுகிறார். நமக்குக் கிடைத்துள்ள கவிதையியலில் அவ்விளக்கம் இல்லை.

ஆகவே, ஆறுதல் என்னும் கூறு அரிஸ்டாட்டிலிடமே உள்ளது என்பதை மறுக்க இயலாது. ஆனால் 'திடீர்' என்னும் கூறு அவரிடம் வேறோர் இடத்தில் இருக்கிறது. எதிர்பாராமலும், அதே வேளையில் ஒன்றன் விளைவாக மற்றொன்றாகவும் நிகழ்ச்சிகள் அமையும்போது இரக்கமும் அச்சமும் மிகும் என்பது ஒன்பதாம் இயலின் கருத்து. பதினோராம் இயல் நிலைமாற்றத்தையும் அறிந்துணர்தலையும் கதைப்பின்னலின் உறுப்புகளாக விளக்குகிறது. திடீர்த் தன்மை கதைப்பின்னலின் பண்பு. கதார்சிசின் பண்பாக அது எங்கும் கூறப்படவில்லை.

மறுமலர்ச்சிக்கால உரைகள்

கவிதையியல் 1498இல் ஜார்ஜியோ வல்லாவின் இலத்தீன் மொழிபெயர்ப்பாக அச்சேறியது. 1548இல் பிரான்செஸ்கோ ரோபோர்தெல்லோ விரிவான உரை கண்டார். பிறர் துன்பத்தை மேடையில் பலகாலும் கண்டு பழகியவர், தமக்குத் துன்பம் நேரும்போது நிலைகுலையார் என்பது அவர் விளக்கம். மின்தூர்னோ, நோயை நஞ்சுள்ள மருந்தால் நீக்கும் மருத்துவனோடு துன்பியல் கவிஞனை ஒப்பிட்டார்.

1671இல் வெளிவந்த மில்டனின் 'சாம்சன் அகோனிஸ்டிஸ்' ஒரே நூலில் இரு விளக்கங்களைக் கொண்டுள்ளது. தலைப்புப் பக்கத்தில் அரிஸ்டாட்டிலின் வரையறை கிரேக்கத்திலும் இலத்தீனிலும் அச்சிடப்பட்டுள்ளது. அங்குள்ள இலத்தீன் சொல் 'லுஸ்திராசியோ'; இது சடங்குத் தூய்மையைக் குறிப்பது. ஆனால் முன்னுரையில் மில்டன், உப்பை உப்பாலும் புளிப்பைப் புளிப்பாலும் தீர்க்கும் மருத்துவ முறையை எடுத்துக்காட்டி, உணர்ச்சிகள் உரிய அளவுக்குக் குறைக்கப்படுகின்றன என்கிறார். சமயமும் மருத்துவமும் அந்நூலில் அருகருகே நிற்கின்றன.

லெஸ்ஸிங் 1767-69 ஆண்டுகளில் எழுதிய 'ஹாம்பர்க் நாடகவியல்' அறநெறி விளக்கத்தின் உச்சம். இரக்கமும் அச்சமும் மிகையாக உள்ளவரிடம் குறைந்தும், குறைவாக உள்ளவரிடம் மிகுந்தும் நடுநிலை எய்தி நற்பண்புகளாக மாறுகின்றன என்றார் அவர். 1827இல் கோதே, கதார்சிஸ் பார்வையாளரைப் பற்றியதே அன்று, நாடகத்துக்குள் அவ்வுணர்ச்சிகள் எய்தும் சமன்பாடு என்று வேறுபட்டுரைத்தார்.

இவ்வுரைமரபில் பழக்கம், அளவு, பண்பாக்கம், சமன்பாடு ஆகிய கருத்துகள் வருகின்றன. உணர்ச்சியைக் கொட்டித் தீர்த்தல் என்னும் கருத்து மையம் பெறவில்லை.

1857: யாக்கோப் பெர்னேஸ்

திருப்பம் 1857இல் பிரெஸ்லாவில் வெளியான ஒரு சிறு ஆய்வால் நேர்ந்தது. துன்பியலின் விளைவு பற்றி அரிஸ்டாட்டில் எழுதி அழிந்துபோன பகுதியை மீட்டுரைக்க முயன்ற யாக்கோப் பெர்னேஸ், 'அரசியல்' நூலின் இசைப் பகுதியோடு பிற்காலப் பிளேட்டோனியர்களான இயாம்பிளிக்கஸ், புரோக்ளஸ் ஆகியோரின் குறிப்புகளையும் சான்றாகக் கொண்டார். கதார்சிஸ் என்பது உடலிலிருந்து மனத்துக்கு மாற்றி வழங்கப்பெற்ற மருத்துவச் சொல் என்பது அவர் முடிபு. மனத்தை அழுத்தும் உணர்ச்சியை மாற்றவோ அடக்கவோ முயலாமல், அதனைக் கிளறி வெளியேற்றி ஆறுதல் அளிப்பதே அதன் செயல். நாடக அரங்கை ஒழுக்கத் திருத்தச்சாலை ஆக்கியதாக லெஸ்ஸிங்கை அவர் சாடினார். வெளியேற்றத்துக்கு அவர் ஆண்ட ஜெர்மன் சொல் 'எண்ட்லாடுங்'. சுமையை இறக்குதல், ஏற்றியதை வெளிவிடுதல் என்பன அதன் பொருள்கள்.

இக்கருத்து விரைவில் பரவியது. 1872இல் நீட்சே தம் 'துன்பியலின் தோற்றம்' நூலில், இந்த வெளியேற்றத்தை மருத்துவத்தில் சேர்ப்பதா அறத்தில் சேர்ப்பதா என்று மொழியறிஞர்கள் தடுமாறுவதைச் சுட்டினார். பெர்னேசின் ஆய்வு 1880இல் மீண்டும் அச்சிடப்பட்டது.

வியன்னாவின் மருத்துவ அறை

அதே 1880இல் வியன்னா மருத்துவர் யோசப் பிராயர், 'அன்னா ஓ.' என்று பின்னர் பெயர் மறைத்துக் குறிப்பிடப்பட்ட இளம்பெண்ணுக்குச் சிகிச்சை தொடங்கினார். நோய்க்குறி முதன்முதல் தோன்றிய நிகழ்ச்சியை அவர் உணர்ச்சியோடு நினைவுகூர்ந்து சொல்லும்போது அக்குறி மறைந்ததாகப் பிராயர் பதிவுசெய்தார். பிராயரும் சிக்மண்ட் பிராய்டும் 1893இல் முன்னறிக்கையாகவும், 1895இல் 'ஹிஸ்டீரியா பற்றிய ஆய்வுகள்' என்னும் நூலாகவும் வெளியிட்ட கொள்கை இதனின்று வளர்ந்தது. உரிய வேளையில் வெளிப்படாத உணர்ச்சி உள்ளே சிக்கிக்கொள்கிறது. அது நோய்க்குறியாக உருமாறுகிறது. சொல்லால் வெளிப்பட்டதும் குறி நீங்குகிறது. இதனை அவர்கள் 'கதார்சிஸ் முறை' என்றனர்.

பெர்னேசின் தம்பி மகளான மார்த்தாவைப் பிராய்டு 1886இல் மணந்தார். இவ்வுறவைக் கொண்டே கருத்துக் கடனை நிறுவ இயலாது. 1895ஆம் ஆண்டு நூல் பெர்னேசைச் சுட்டவும் இல்லை. எனினும் கிளறுதல், வெளியேற்றுதல், ஆறுதல் என்னும் வரிசை இரண்டிலும் ஒன்றாயிருப்பது கருதத்தக்கது.

ஒற்றுமையைவிட வேற்றுமை முக்கியமானது. பெர்னேசின் கதார்சிஸ் பார்வையாளர் பலருக்குக் கற்பனைக் கதையால் நேர்வது. பிராயர், பிராய்டு ஆகியோரின் கதார்சிஸ் தனி ஒருவருக்குத் தம் வாழ்வின் நினைவால் நேர்வது. 'தேக்கம்', 'சொந்த நினைவு', 'வெளிப்பாடு' ஆகிய மூன்றும் இங்குதான் சொல்லோடு பிணைந்தன. பிராய்டே பின்னர் இம்முறையைக் கைவிட்டுத் தடையற்ற நினைவோட்ட முறைக்கு மாறினார். அன்னா ஓ. சிகிச்சைக்குப் பின்னும் 1882இல் மருத்துவ இல்லத்தில் சேர்க்கப்பட்டதைப் பிற்கால ஆவணங்கள் காட்டின. ஆயினும் சொல் தன் புதுப்பொருளோடு நிலைத்தது. 1909இல் பிரில் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு அதனை ஆங்கில உளவியலுக்குக் கொண்டுசென்றது.

ஆங்கிலத்தில் 'கதார்ட்டிக்' என்னும் பெயரடை பதினேழாம் நூற்றாண்டு முதலே பேதி மருந்தைக் குறித்தது. அம்மருத்துவப் பின்னணி புதுப்பொருள் எளிதில் வேரூன்ற உதவியது எனலாம்.

சோதனைக்கு உட்பட்ட பொருள்

கோபத்தைக் கொட்டினால் கோபம் தணியும் என்னும் நம்பிக்கையை இருபதாம் நூற்றாண்டு உளவியலார் சோதித்தனர். 2002இல் பிராட் புஷ்மன் 600 கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், தம்மைச் சினமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்கள், எதுவும் செய்யாமல் அமர்ந்திருந்தவர்களைவிட மிகுந்த சினத்தோடும் வன்மையோடும் நடந்துகொண்டனர். இம்முடிவை அரிஸ்டாட்டிலின் தோல்வியாகச் சிலர் கருதக்கூடும். அவ்வாறு கருதுதல் பொருந்தாது. சோதிக்கப்பட்டது 1895க்குப் பிற்பட்ட பொருள். துன்பியல் காண்பவர் பெறும் விளைவு அச்சோதனையின் எல்லைக்குள் வரவில்லை.

தமிழ் ஒப்பாய்வுக்கு ஒரு குறிப்பு

கலைச்சொல்லாக்கம் இங்கு விழிப்போடு நிகழ வேண்டும். இந்தித் திறனாய்வு 'விரேசன்' என்னும் ஆயுர்வேதச் சொல்லை ஏற்று மருத்துவப் பொருளைத் தேர்ந்துகொண்டது. தமிழில் 'உணர்ச்சி வடிகால்' என்று கூறும்போது தேங்கிய நீரின் உருவகத்தை, அதாவது வியன்னாவின் பொருளை, நாம் அறியாமலே தேர்கிறோம். 'உணர்ச்சித் தூய்மை' என்றால் லெஸ்ஸிங்கின் பக்கம் சாய்கிறோம். மொழிபெயர்ப்பே உரையாகிவிடுகிறது.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை எடுத்துக்கொள்வோம். அது துன்பியல் நாடகம் அன்று, காப்பியம் என்னும் வேறுபாட்டை மனங்கொண்டே ஒப்பிட வேண்டும். கண்ணகியின் அழுகையும் சினமும் பெருகி வெளிப்படுவதைக் 'கதார்சிஸ்' என்று சுட்டினால் அது பாத்திரத்தின் உணர்ச்சி வெளிப்பாடு. 1895ஆம் ஆண்டின் பொருள். அரிஸ்டாட்டிலின் வழியில் நோக்குவோர் வேறு வினா எழுப்புவர். உடைந்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தபோது பாண்டியன் தன் பிழையை அறிகிறான். அறிந்த கணமே அவன் நிலை மாறுகிறது. இவ்வறிந்துணர்தலும் நிலைமாற்றமும் கற்போரிடம் எழுப்பும் இரக்கமும் அச்சமும் எவ்வாறு நிறைவெய்துகின்றன என்பதே அவ்வினா.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலோடு ஒப்பிடுவோருக்கும் இத்தெளிவு தேவை. நகை முதலாக உவகை ஈறாக எண்வகை மெய்ப்பாடுகளையும், ஒவ்வொன்றும் தோன்றும் நந்நான்கு நிலைக்களன்களையும் அவ்வியல் வகுக்கிறது. அதன் வினா 'உணர்ச்சி எதனால் தோன்றுகிறது' என்பது. கதார்சிசின் வினா 'தோன்றிய உணர்ச்சி என்னவாகிறது' என்பது. அழுகையையும் அச்சத்தையும் இருவரும் பேசுகின்றனர் என்பதால் மட்டும் மெய்ப்பாடும் கதார்சிசும் ஒன்றாகிவிடா.

முடிவுரை

கதார்சிஸ் என்னும் சொல் சடங்கு, மருத்துவம், மெய்யியல் ஆகிய தளங்களிலிருந்து கவிதையியலுக்கு வந்தது. உரையாசிரியர்களிடம் அறப்பொருள் பெற்றது. 1857இல் மருத்துவப் பொருளுக்குத் திரும்பியது. 1893-95இல் தனிமனித மனத்தின் தேக்கத்தையும் வெளிப்பாட்டையும் குறிக்கலாயிற்று. திடீர் உணர்ச்சி வெளிப்பாடு என்னும் இன்றைய பொருள் இவ்வரலாற்றின் கடைசிப் படி. ஒப்பாய்வில் இச்சொல்லை ஆள்வோர் எந்தக் காலத்துப் பொருளில் ஆள்கிறோம் என்பதை ஆய்வின் தொடக்கத்திலேயே வரையறுத்துக்கொள்வது நலம். அவ்வரையறை இல்லாத இடத்தில் ஒப்பீடு இரு நூல்களுக்கிடையே நிகழாது. ஒரு தமிழ் நூலுக்கும் ஓர் ஆங்கில அகராதிக்கும் இடையே நிகழ்ந்துவிடும்.