திருச்சி ரோட்டில் ஈராயிரம் ஆண்டு

கோயம்புத்தூர்க்காரர்கள் திருச்சி ரோடு என்று சொல்லும் தேசிய நெடுஞ்சாலை 81, சூலூர், பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில் வழியாகக் கரூர் போய்ச் சேர்கிறது. ஊட்டிக்கும் வால்பாறைக்கும் அலைமோதும் சுற்றுலாக் கூட்டம் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. பல்லடம் தாண்டினால் காற்றாலை, கோழிப்பண்ணை, விசைத்தறிக் கூடம், முள்வேலிக்குள் காய்ந்து கிடக்கும் மேய்ச்சல் காடு. மேற்குத்தொடர்ச்சி மலை மழையைத் தடுத்துவிடுவதால் இது காலங்காலமாக வானம் பார்த்த பூமி. கணவாய்க்கு அந்தப் பக்கம் பாலக்காட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர் கொட்டுகிற மழை, இங்கே 600-ஐத் தொட்டாலே நல்ல வருஷம்.

தமிழகத்தில் மணற்பாலைவனம் கிடையாது. இருப்பதில் பாலையை நினைவூட்டும் பயணங்களில் இது ஒன்று. ஆனால் இந்த வறண்ட மேட்டு நிலத்துக்கு ரோமாபுரிவரை பெயர் இருந்த காலம் ஒன்று உண்டு. காரணம், பாலக்காட்டுக் கணவாய். மலைத்தொடரில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த அந்த இடைவெளி வழியாகத்தான் மேற்குக் கடற்கரையின் முசிறித் துறைமுகத்தில் இறங்கிய சரக்கு கிழக்கே வந்தது. பேரூர், வெள்ளலூர், சூலூர், காங்கேயம், கொடுமணல், கரூர், அப்புறம் உறையூர், பூம்புகார் என்று வரைபடத்தில் கோடு இழுத்துப் பார்த்தால், திருச்சி ரோடு அந்தப் பழைய பாதையை ஒட்டியே ஓடுவது தெரியும்.

அதற்கு எழுத்துச் சாட்சியும் இருக்கிறது. சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் மலையடிவாரப் பாறை ஒன்றில் ‘இராசகேசரிப் பெருவழி’ என்ற பெயர் தமிழிலும் வட்டெழுத்திலும் வெட்டப்பட்டிருக்கிறது. கல்வெட்டு அறிஞர்கள் இதை 9ஆம் நூற்றாண்டின் சோழ மன்னன் முதலாம் ஆதித்தனோடு சேர்த்துச் சொல்கிறார்கள். ஒரே செய்தியை இரண்டு எழுத்தில் வெட்டியதிலிருந்தே, அந்த வழியில் இரண்டு தரப்பு ஆட்கள் நடமாடியது புரிந்துவிடுகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் அந்தக் காலத்தில் வழி சொன்னார்கள். தர்மபுரிப் பக்கம் அதியமான் பெருவழியில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டு மைல்கல்லில் 29 காதம் என்று தூரத்தை எழுதியதோடு விடாமல், இரண்டு பெரிய குழியும் ஒன்பது சிறிய குழியும் தோண்டி வைத்திருக்கிறார்கள். பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. இருட்டில் விரலை விட்டுத் தடவினாலும் கணக்கு வந்துவிடும்.

வழி இருந்தால் வழிப்பறியும் இருக்கும். சேர மன்னர் சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னோடு திரும்பிய சைவ அடியார் சுந்தரரை அவிநாசி பக்கத்துத் திருமுருகன்பூண்டியில் வேடர்கள் மறித்துப் பறித்துக்கொண்டார்கள் என்பது தலபுராணம். வேடராக வந்தவை சிவனின் பூதகணங்களாம். பக்திக் கதைதான், ஆனாலும் மலைநாட்டுப் பாதையில் பொன்னோடு வருகிறவன் பயந்து பயந்துதான் வந்தான் என்ற உண்மை அதற்குள் இருக்கிறது. இன்றைக்குப் பூண்டியில் சாலையோரம் நிற்பது கற்சிற்பிகளின் பட்டறைகள். பாதி செதுக்கிய பிள்ளையார்கள் வெள்ளைத் தூளோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

வெள்ளலூர் என்றதும் இன்றைய கோவைவாசிக்கு நினைவு வருவது மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு. பாவம், அந்த ஊருக்கு இப்படியா பேர் வரவேண்டும்! 1842-ல் அங்கே ஒரு பானையிலிருந்து 522 ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. 1891-லும் 1931-லும் அதே ஊரில் மறுபடி புதையல் கிடைத்தது. பொள்ளாச்சி, கரூர் என்று இந்த வட்டாரத்தில் ரோமானியக் காசு கிடைத்த ஊர்களின் பட்டியல் நீளம்.

அவ்வளவு வெள்ளியைக் கொட்டி ரோமானியர்கள் வாங்கிப்போனது என்ன? மிளகு மலைநாட்டுச் சரக்கு. இந்தக் கொங்கு நாட்டின் சரக்கு கல். காங்கேயம் பக்கத்துப் படியூரில் கடல்நீர் நிறத்தில் பெரில் என்ற மணிக்கல் கிடைத்தது. பெரில் இந்தியாவை விட்டால் வேறெங்கும் அரிது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்தார். படியூர்ச் சுரங்கத்தை 1819-20-ல் ஹீத் என்ற ஆங்கிலேயர் மறுபடி தோண்டியபோது ஒரே வருஷத்தில் 2,196 கற்கள் எடுத்ததாகப் பதிவு இருக்கிறது.

கல் கிடைத்தது படியூரில் என்றால், அதை மணியாக்கிய பட்டறை ஊர் நொய்யல் கரையிலுள்ள கொடுமணல். சங்க நூலான பதிற்றுப்பத்து இதைக் கொடுமணம் என்று குறிப்பிடுகிறது. எ.சுப்பராயலு, கா.ராஜன் முதலானோர் 1980-களிலிருந்து இங்கே நடத்திய அகழாய்வுகளில் துளையிட்டது, துளையிடாதது, மெருகேற்றாதது, உடைந்து வீசியது என்று மணித்தொழிலின் ஒவ்வொரு கட்டமும் மண்ணுக்குள் கிடைத்தது. இரும்பும் எஃகும் உருக்கிய உலைகள் தனி. ஒரே ஈமக்குழியில் 2,000-க்கு மேல் சூதுபவள மணிகள். சூதுபவளக் கல் குஜராத் பக்கத்திலிருந்தும், லாபிஸ் லசூலி என்ற நீலக் கல் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்திருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பானை ஓடுகளில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் பெயர்கள். அவற்றில் வடக்கத்திப் பெயர்களும் உண்டு. இத்தனை பெரிய தொழிலூருக்குப் பக்கத்திலேயே 1990-களின் தொடக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டி முடித்தார்கள். பாசனத்துக்கென்று கட்டிய அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி நின்றது தனி வரலாறு. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு நொய்யலின் நிலைமை போனது.

கல் வாணிகம் எப்போதோ நின்றுபோனது. இன்றைய காங்கேயத்தை அதன் நேரடி வாரிசு என்று சொன்னால் அது மிகை. இருந்தாலும் ஒரு குணம் தொடர்கிறது: வறட்சியையே இந்த ஊர்க்காரர்கள் முதலாகப் போட்டுத் தொழில் செய்கிறார்கள். காங்கேயத்தின் தேங்காய்ப் பருப்புக் களங்களைப் பார்த்தால் விளங்கும். தென்னை செழிப்பது பொள்ளாச்சியில், அங்கே ஈரக்காற்று. காயவைக்க வெயிலும் மழையில்லாத வானமும் வேண்டும், அதற்குக் காங்கேயம். உடைத்த தேங்காய் மூடிகளை ஏக்கர் கணக்கில் வானம் பார்க்க அடுக்கி வைக்கிறார்கள். சில நாள் வெயிலில் பருப்பு சுருங்கி ஓட்டை விட்டு விலகும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து இரும்புக் கருவியால் அதை நெம்பி எடுப்பார்கள். மேகம் கறுத்தால்தான் களத்துக்காரருக்கு வயிற்றைக் கலக்கும்.

காங்கேயம் மாடும் இதே வறட்சியின் பிள்ளை. கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கும். சுற்றிலும் முள்ளுக்கிலுவை வேலி. கிலுவைக் குச்சியை வெட்டி நட்டால் போதும், தண்ணீர் ஊற்றாமலே பிழைத்துக்கொள்ளும். காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மாற்றி மாற்றி மாட்டை விடுவார்கள். கன்று பிறக்கும்போது செம்பழுப்பு. ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைப் பேணி வளர்த்துப் பெயர் வாங்கியது. வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் மாட்டுச்சந்தைக்குச் சித்திரையில் கொங்கு முழுக்கத் திரண்டு வரும்.

சாலையோர அதிசயம் என்று ஒன்றைக் கட்டாயம் காட்ட வேண்டுமானால் அது சிவன்மலை. காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகும் வழியில் உள்ள முருகன் கோயில். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குப் பெயர் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி. யாராவது ஒரு பக்தரின் கனவில் முருகன் வந்து இன்ன பொருளை வை என்பாராம். கோயிலில் வந்து சொன்னால் சாமி முன்னால் பூப்போட்டுப் பார்ப்பார்கள். வெள்ளைப்பூ வந்தால் அந்தப் பொருள் பெட்டிக்குள் போகும். அடுத்த கனவு வரும்வரை அதுதான் இருக்கும். நாள் கணக்கெல்லாம் கிடையாது. மண், தண்ணீர், துப்பாக்கி, சைக்கிள், மஞ்சள் என்று எத்தனையோ இருந்திருக்கின்றன. தண்ணீர் வைத்த பிறகு 2004 சுனாமி வந்தது என்பார்கள். மஞ்சள் வைத்ததும் ஈரோட்டுச் சந்தையில் விலை ஏறியது என்பார்கள். பொருள் வைத்தபின் ஒன்றும் நடக்காமல் போன கனவுகளை யாரும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. ஆனால் பெட்டியில் என்ன மாறியது என்று விசாரிப்பதில் பக்தர்களுக்கு இணையாக வியாபாரிகளும் இருக்கிறார்கள், அதுதான் கொங்கு.

வெள்ளகோவிலில் முருங்கைக்காய் மூட்டை மூட்டையாக லாரி ஏறுகிறது. அதற்கப்பால் கரூர். அமராவதி ஆற்று மணலில் பழங்காசு பொறுக்கிய ஊர். பக்கத்துப் புகழூர் ஆறுநாட்டார் மலையில் சமண முனிவருக்குச் செய்த கற்படுக்கையில் கரூர்ப் பொன்வாணிகன் ஒருவனின் பெயர் தமிழியில் இருக்கிறது. சேர மன்னர் மூன்று தலைமுறையின் பெயர்களும் அதே மலையில். இன்றைய கரூருக்குப் படுக்கைவிரிப்பு, கொசுவலையோடு இன்னொரு தொழிலும் பேர் வாங்கித் தந்திருக்கிறது: பஸ்ஸுக்குக் கூடு கட்டுவது. என்ஜினும் சட்டமும் சக்கரங்களும் மட்டுமாக, தலைக்குமேல் கூரையில்லாத வெறும் சேஸிஸை, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு டிரைவர் ஒருவர் வெயிலில் ஓட்டி வருவதை இந்த ரோட்டில் எந்த நாளும் பார்க்கலாம். பட்டறையில் விட்டுவிட்டு அவர் ஊர் திரும்புவது வேறு பஸ்ஸில்.