மாநாட்டுக்கு நாள் குறித்த கதை

கல்யாணத்துக்கு நாள் குறிப்பதென்றால் ஒரு பஞ்சாங்கம் போதும். பல நாட்டுக்காரர்கள் கூடும் மாநாட்டுக்கு அது போதாது. வருகிறவர்களின் அலுவலக விடுப்பு, கல்லூரித் தேர்வு, விசா, விமானக் கட்டணம், இடம் கொடுப்பவரின் வசதி என்று அஞ்சாறு பஞ்சாங்கங்கள் புரட்ட வேண்டும். சம்பளம் வாங்காமல் ஓய்வு நேரத்தில் வேலை செய்பவர்கள் நடத்தும் மாநாடு என்றால் இன்னும் சிரமம். தமிழ் இணைய மாநாடுகளின் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

முதல் மாநாடு 1997 மே 17, 18 தேதிகளில் சிங்கப்பூரில் நடந்தது. முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் நா. கோவிந்தசாமி. சனி, ஞாயிறு, இரண்டே நாள். அடுத்தது 1999 பிப்ரவரி 7, 8 தேதிகளில் சென்னையில், தமிழக அரசின் ஆதரவில் நடந்தது. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை என்று இருந்த காலம் அது. ஒருவர் அனுப்பிய தமிழ் மடல் இன்னொருவர் கணினியில் கோணல்மாணலாகத் தெரியும். அந்த மாநாட்டில் பேசியதன் தொடர்ச்சியாக அதே ஆண்டு ஜூனில் தமிழ்99 விசைப்பலகைக்கு அரசாணை வந்தது. அதைப் பார்க்கவாவது கோவிந்தசாமி இருந்திருக்கலாம். மே மாதமே காலமாகிவிட்டார்.

மூன்றாவது மாநாடு 2000 ஜூலை 22 முதல் 24 வரை, மறுபடியும் சிங்கப்பூரில். உத்தமம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் உலகத் தமிழ் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது அங்கேதான். பஞ்சாங்கப்படி அது ஆடி மாதம். ஆடியில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்பவர்கள் கவனிக்க!

அதன்பின் மாநாடு நடத்துவது உத்தமத்தின் பொறுப்பானது. இதன் உறுப்பினர்கள் பலருக்கும் பிழைப்பு வேறு. ஒருவர் மென்பொருள் நிறுவனத்தில் இருப்பார், இன்னொருவர் கல்லூரியில் பாடம் நடத்துவார். அவர்களுக்குக் கிடைப்பது வார இறுதிதான். 2002 கலிபோர்னியா, 2003 சென்னை, 2009 கொலோன், 2011 பிலடெல்பியா எல்லாமே வெள்ளி, சனி, ஞாயிறுதான். ஒரு நாள் விடுப்பு எடுத்தால் மூன்று நாள் மாநாடு. லாபக் கணக்கு நன்றாகவே இருக்கிறது!

பிலடெல்பியா மாநாடு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜூனில் நடந்ததற்குக் காரணம் ஊகிக்கக்கூடியதே. அமெரிக்காவில் மே மாதத்தோடு வகுப்புகள் முடிந்து வளாகம் காலியாக இருக்கும். 2012-ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் டிசம்பர் 28 முதல் 30 வரை நடந்தது. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில், வெளிநாட்டுத் தமிழர்கள் ஊருக்கு வரும் சமயம். 2015 சிங்கப்பூர் மாநாடு சனி, ஞாயிறு, திங்கள். அந்தத் திங்கட்கிழமை, ஜூன் 1, அங்கே விசாக தினப் பொது விடுமுறை. 2017 டொராண்டோ மாநாடு தொடங்கிய ஆகஸ்ட் 25 விநாயகர் சதுர்த்தி. கனடாவில் அதற்கு லீவு கிடையாது, கொழுக்கட்டையை விட்டுவிட்டுத்தான் போயிருக்க வேண்டும்.

இந்த வரிசையில் தனித்து நிற்பது 2010. அந்த ஒருமுறை தன்னார்வலர்கள் கையில் தேதி இல்லை.

2009 செப்டம்பரில் அன்றைய முதல்வர் கருணாநிதி, ஒன்பதாவது உலகத் தமிழ் மாநாடு 2010 ஜனவரியில் கோவையில் நடக்கும் என்று அறிவித்தார். தமிழகத்தில் அதற்கு முன் நடந்த மூன்று உலகத் தமிழ் மாநாடுகளும் (சென்னை 1968, மதுரை 1981, தஞ்சாவூர் 1995) ஜனவரியில்தான் நடந்தன. ஆனால் அந்தப் பெயரில் மாநாடு நடத்த உலகத் தமிழ் ஆராய்ச்சிக் கழகம் சம்மதிக்க வேண்டும். அதன் தலைவராக இருந்தவர் ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா. நாலு மாதத்தில் ஆய்வு மாநாடு நடத்த முடியாது, குறைந்தது ஒரு வருடமாவது வேண்டும், 2010 டிசம்பர் அல்லது 2011 ஜனவரியில் வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். அரசுக்கோ 2011-ல் சட்டமன்றத் தேர்தல். அதை ஒட்டி மாநாடு வைக்க முடியாது. ஜூன் வரை தள்ளிப்போட்டது, அதற்கு மேல் போகவில்லை.

ஒருவருக்குக் கட்டுரை எழுதும் காலக்கணக்கு, இன்னொருவருக்குத் தேர்தல் கணக்கு. இரண்டும் ஒத்துவரவில்லை. முடிவில் தேதி மாறவில்லை, பெயர்தான் மாறியது. 2010 ஜூன் 23 முதல் 27 வரை நடந்தது உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு. ஒன்பதாவது உலகத் தமிழ் மாநாடு என்ற எண் அதற்குக் கிடைக்கவில்லை. கராஷிமா கேட்டதில் நியாயம் இருந்தது என்றே சொல்லவேண்டும். அவசரத்தில் கூட்டம் சேர்க்கலாம், ஆராய்ச்சி சேர்க்க முடியாது.

ஒன்பதாவது தமிழ் இணைய மாநாடு அதே கோவையில் அதே நாட்களில் சேர்ந்து நடந்தது. புதன்கிழமை தொடங்கி ஞாயிறு வரை ஐந்து நாள்! வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு வார விடுப்பு போயிருக்கும். ஆனால் தன்னார்வ மாநாடுகளுக்குக் கிடைக்காத கூட்டமும் பணமும் அரசு மாநாட்டுக்கு உண்டு. இன்னொன்றும் கிடைத்தது. தமிழ்க் கணினிக்கு யூனிகோடும் டேஸ்16-உம் தரக் குறியீடுகள் என்ற தமிழக அரசாணையின் தேதி 2010 ஜூன் 23, அதாவது மாநாடு தொடங்கிய அதே நாள். எந்தக் குறியீடு என்று பல வருடம் இழுத்த விவாதத்துக்கு அந்தத் தேதி ஒரு கெடுவாக அமைந்துவிட்டது. எல்லோருக்கும் தோதான வார இறுதி என்று பார்த்திருந்தால் அது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

2020-ல் கொரோனா காரணமாக மாநாடு இணையத்திலேயே நடந்தது, டிசம்பரில். மண்டபம் வேண்டாம், விசா வேண்டாம், விடுப்புகூட அதிகம் வேண்டாம். தேதிப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால் மணிப் பிரச்சினை வந்து உட்கார்ந்தது. டிசம்பரில் சென்னையில் மாலை 5.30 என்றால் சிங்கப்பூரில் இரவு 8, லண்டனில் நண்பகல், டொராண்டோவில் காலை 7. கலிபோர்னியாவில் இருப்பவருக்கு விடியற்காலை 4 மணி.