விழுந்த பிறகு எழுதப்படும் சட்டங்கள்

நியூயோர்க் போன ஆக்கள் போடுகிற படங்களைக் கவனித்துப் பாருங்கள். நடைபாதைக்கு மேலால் இரும்புக் கால்களில் ஒரு பலகைக் கூரை அடிக்கடி தெரியும். புதுக் கட்டடம் எழும்புது, அதுக்குப் போட்ட சாரம் எண்டுதான் முதலில் நினைப்போம். நிறைய இடங்களில் கதை வேறு. மேலே நிற்கிறது பழைய கட்டடம். அதன் சுவர் ஆக்களின்ர தலையில் விழாமல் இருக்கத்தான் அந்தக் கூரை.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு என்று தேடினால் 1979 மே 16க்குப் போகவேண்டும். பார்னார்ட் கல்லூரியின் முதலாம் வருட மாணவி கிரேஸ் கோல்டுக்கு அப்போது வயது 17. புரோட்வேயும் 115ஆம் வீதியும் சந்திக்கிற இடத்தில் நடந்து போனவரின் மேல், கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான ஒரு கட்டடத்தின் மேல்மாடியிலிருந்து அலங்கார வேலைப்பாட்டுத் துண்டு ஒன்று உடைந்து விழுந்தது. அவர் இறந்துபோனார்.

சுவர் ஏன் உடைகிறது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த உயர்ந்த கட்டடங்களின் பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் உருக்குச் சட்டகம். வெளியே தெரியும் செங்கல்லும் சுடுமண் பூவேலையும் அதில் இரும்புக் கொளுவிகளால் மாட்டப்பட்ட ஒரு தோல் மாதிரி. மூட்டுகளுக்குள்ளால் மழைத்தண்ணி இறங்கினால் இரும்பு துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பலமடங்கு இடம் பிடிக்கும், அதனால் கல்லை வெளியே தள்ளும். குளிர்காலத்தில் உள்ளே நின்ற தண்ணி உறைந்து விரிந்து அதே வேலையைச் செய்யும். இதெல்லாம் வருடக்கணக்காக, கீழே போகிறவனுக்குத் தெரியாமல் நடக்கும்.

கிரேஸ் கோல்ட் இறந்து ஒரு வருடம் முடிவதற்கு முன், 1980 பெப்ரவரியில், மேயர் எட் கொச் ‘உள்ளூர்ச் சட்டம் 10’இல் கையெழுத்திட்டார். ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் வீதியோர முகப்பை ஐந்து வருடத்துக்கு ஒருதரம் தகுதியுள்ள பொறியியலாளரோ கட்டடக்கலைஞரோ பார்த்து, மாநகருக்கு அறிக்கை கொடுக்கவேண்டும். அந்த நகரத்தில் அப்படி ஒரு கட்டாயம் வந்தது அதுதான் முதல்தரம்.

நல்ல சட்டம்தான். ஆனால் உரிமையாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். பூவேலையைத் திருத்துவதைவிட வெட்டி எடுப்பது மலிவு. பல பழைய கட்டடங்களின் கூரை விளிம்பு வேலைப்பாடுகள் அந்தக் காலத்தில்தான் காணாமல் போயின. உயிரைக் காக்க வந்த விதி, நகரத்தின் முகத்தையே கொஞ்சம் கொஞ்சமாக மழித்தும் விட்டது.

சட்டத்தில் ஓட்டையும் இருந்தது. அது கேட்டது வீதியோரச் சுவரைத்தான். 1997 டிசம்பரில், கிறிஸ்மஸ் வியாபாரம் நடக்கிற நேரம், மடிசன் அவெனியூவில் ஒரு உயர்ந்த கட்டடத்தின் செங்கல் சுவரில் ஒரு பகுதி பெயர்ந்து கொட்டியது. வீதியையே மூடவேண்டி வந்தது. அடுத்த வருடம் ‘உள்ளூர்ச் சட்டம் 11’ வந்தது. இனி எல்லாப் பக்கச் சுவரையும் பார்க்கவேண்டும், கீழே நின்று பார்த்தால் மட்டும் போதாது, சாரத்தில் ஏறிக் கிட்டப்போயும் பார்க்கவேண்டும் என்றது. பார்த்தபின் மூன்று முடிவுகளில் ஒன்றைச் சொல்லவேண்டும்: பாதுகாப்பானது, திருத்தினால் பாதுகாப்பானது, ஆபத்தானது.

அதற்குப் பிறகும் ஆக்கள் செத்தார்கள். 2015இல் அப்பர் வெஸ்ட் சைட் பகுதியில், பாட்டியோடு வெளியே இருந்த இரண்டு வயதுக் குழந்தை மேல் சுடுமண் துண்டு விழுந்தது. அந்தக் கட்டடம் பாதுகாப்பானது என்று அறிக்கை கொடுத்தவர் அங்கே போகவே இல்லை என்று விசாரணை சொன்னது. அவர்மேல் வழக்கு வந்தது. 2019 டிசம்பரில் டைம்ஸ் சதுக்கத்துக்குக் கிட்ட 60 வயதுக் கட்டடக்கலைஞர் ஒருவர் அதேமாதிரி இறந்தார். அந்தக் கட்டடத்தின் முகப்பு சரியில்லை என்று மாநகரம் ஏப்ரலிலேயே எழுதிவைத்து, 1,250 டொலர் தண்டமும் போட்டிருந்தது. பாதுகாப்புக் கூரை வந்தது மரணத்துக்குப் பிறகுதான். 2020இல் தொடங்கிய சுற்றில் விதி இன்னும் இறுகியது. வீதியோர முகப்பின் ஒவ்வொரு 60 அடிக்கும் ஒரு இடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நின்று சோதிக்கவேண்டும்.

இந்த வரிசையைப் பார்த்தால் ஒன்று விளங்கும். முகப்பு எந்த இடத்தில் தவறியதோ, அடுத்த விதி அந்த இடத்தை மட்டும் அடைத்தது. முன்சுவர் விழுந்தபோது முன்சுவர், அதற்குப் பிறகு மற்றப் பக்கங்கள், பிறகு கிட்டப்போய்ப் பார்த்தல். பரிசோதகருக்குச் சம்பளம் கொடுப்பது கட்டட உரிமையாளர் என்பது மட்டும் 1980இலிருந்து மாறவே இல்லை.

பலகைக் கூரையும் இதே கதைதான். சுவரைத் திருத்தச் செலவு கூட. கூரையை நிப்பாட்டிவைக்கச் செலவு குறைவு. அதனால் தற்காலிகமாகப் போட்டது பத்து வருடம் தாண்டியும் நின்ற இடங்கள் உண்டு. கீழே கடை இருட்டாகும், ஆனால் சட்டப்படி எல்லாம் சரி. 2025இல்தான் ஒரு வருட அனுமதியை 90 நாளாகக் குறைக்க நகரசபை சட்டம் போட்டது.

வரலாறு எண்டால் போரும் ஆட்சி மாற்றமும் மட்டும் இல்லை. ‘ஐந்து வருடத்துக்கு ஒருதரம்’ என்ற உலர்ந்த ஒரு வரிக்குள்ளும் 17 வயதுப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். விதி எழுதுவதற்கு அவளுடைய சாவு போதுமாக இருந்தது. கிட்டப்போய்ப் பார்ப்பதற்கு இன்னும் சில சாவுகள் தேவைப்பட்டன.