சிப்பாயின் தலையும் சர்க்காரின் தொப்பியும்

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலுக்குள் நிற்கும் சிறு கோட்டையைக் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். 1658இல் அதைப் பிடித்த ஒல்லாந்தருக்கு இலங்கைத் தீவு ஒரு பன்றித் தொடையைப் போலத் தோன்றியதாம். அந்தத் தொடையின் குதிகால் என்ற பொருளில் கோட்டைக்கு ஹமன்ஹீல் என்று பெயரிட்டார்கள். நமக்குச் சற்று நாக்கூசும் பெயர்தான். ஊரார் அதைக் கடற்கோட்டை என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். 1795 செப்டம்பர் 28இல் யாழ்ப்பாணக் கோட்டை கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டிடம் சரணடைந்தது. அதைத் தொடர்ந்து இந்தத் தீவுப் பகுதியும் கைமாறியது.

'ஆங்கிலேயர் கைப்பற்றினர்' என்று நமது பாடநூல்கள் ஒரு வரியில் இதை முடித்துவிடும். ஆனால் ஸ்டூவர்ட்டின் பின்னால் வந்தவர்களில் கணிசமானோர் மதராஸ் சிப்பாய்கள். தமிழும் தெலுங்கும் தக்னியும் பேசிய இந்துக்களும் முஸ்லிம்களும் அதில் இருந்தார்கள். அவர்களுக்கும் கும்பினிக்கும் இடையே எழுதப்படாத ஒரு பங்கீடு இருந்தது. சிவப்புச் சட்டை கும்பினியுடையது. நெற்றியிலிருந்த திருநீறு அல்லது நாமம், காதிலிருந்த கடுக்கன், முகத்திலிருந்த தாடி ஆகியவை சிப்பாயுடையவை. அந்தப் பங்கீட்டோடுதான் அவர்கள் மைசூரில் போரிட்டார்கள், பாக்கு நீரிணையையும் கடந்து வந்தார்கள். ஒழுங்கு குலைந்ததென்று அப்போது எவரும் முறையிடவில்லை.

யாழ்ப்பாணம் வீழ்ந்து பதினொரு ஆண்டுகள் ஆவதற்குள் அந்தப் பங்கீட்டைக் கும்பினியே உடைத்தது. உடைந்த இடம் வேலூர். இலங்கை வாசகர்களுக்கு வேலூர்க் கோட்டை என்றதும் 1816இல் அங்கே கொண்டுசெல்லப்பட்ட கடைசிக் கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்தான் நினைவுக்கு வருவான். அவனுக்குப் பத்தாண்டு முந்திய கதை இது.

மதராஸ் படையின் தளபதி சேர் ஜோன் கிரடொக். கவர்னர் வில்லியம் பென்டிங் பிரபு. படையின் பழைய கட்டளைகளையெல்லாம் ஒரே விதிநூலாகத் தொகுக்கும் வேலை நடந்தது. அதில் சில புதிய விதிகளும் சேர்ந்துகொண்டன. அணிவகுப்பில் சாதிக்குறி இடக்கூடாது, சீருடையில் காதணி கூடாது, முகவாய் சுத்தமாக மழிக்கப்பட வேண்டும். மீசையின் அளவும் வடிவமும்கூட இயன்றவரை ஒரே சீராக இருக்க வேண்டுமாம். ஒரு சாம்ராஜ்யம் தன் சிப்பாயின் மேலுதட்டு மயிரை அளந்து பார்க்கத் தொடங்கியதென்றால் அதன் மனநிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இவற்றோடு வந்ததுதான் புதிய தலைப்பாகை. பெயர்தான் தலைப்பாகை, வடிவமோ ஐரோப்பியரின் வட்டத் தொப்பி. அதன்மேல் தோலால் செய்த ஒரு சின்னம். தோல் மாட்டுத்தோலா, பன்றித்தோலா என்ற பேச்சு இரு சமயத்தாரிடமும் பரவியது. சட்டையின் மார்பில் தொங்கிய துப்பாக்கித் திருகுக் கருவி சிலுவை போலிருக்கிறது என்றும் பேசிக்கொண்டார்கள்.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். இன்று நம்மிடையே 'தொப்பிக்காரர்' என்றால் முஸ்லிமைத்தான் நினைப்பார்கள். அந்தக் காலத்தில் அந்தச் சொல் வெள்ளைக்காரரைக் குறித்தது. தொப்பி போட்டால் வீட்டாரும் உறவினரும் தம்மைத் தொப்பிக்காரராகவே எண்ணி ஒதுக்கிவிடுவார்கள் என்பதே சிப்பாயின் அச்சம். மார்க்க நூல்களில் அதற்குத் தடை உண்டா என்று அதிகாரிகள் பின்னர் ஆராய்ந்தது கேள்வியையே விளங்கிக்கொள்ளாத செயல். வீட்டு வாசலில் நிற்கும் மனைவி எந்தக் கிதாபையும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறப்பதில்லை.

1806 மே மாதத் தொடக்கத்தில் வேலூரிலிருந்த நாலாம் ரெஜிமென்டின் இரண்டாம் பட்டாளம் தலைப்பாகையை அணிய மறுத்தது. இருபத்தொரு பேர் மதராசுக்கு அனுப்பப்பட்டு இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். இரண்டு ஹவில்தார்களுக்குத் தலா 900 கசையடி. ஒருவர் முஸ்லிம், மற்றவர் இந்து. எஞ்சிய பத்தொன்பது பேருக்குத் தலா 500. அவர்கள் மன்னிப்புக் கேட்டதால் அந்தத் தண்டனை நிறைவேற்றப்படவில்லை. ஜூன் மாதத்தில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய், கலகம் வரப்போகிறதென்று கர்னல் போர்ப்ஸிடம் சொன்னார். அவருக்குப் பைத்தியம் என்று சுதேச அதிகாரிகள் கூற, அவரையே பிடித்து அடைத்து வைத்தார்கள்.

ஜூலை 10 அதிகாலையில் கலகம் வெடித்தது. 69ஆம் ரெஜிமென்டைச் சேர்ந்த ஐரோப்பியர் நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் படுக்கையிலேயே சுடப்பட்டார்கள். இதை மறைத்துவிட்டு வரலாறு எழுத முடியாது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்து அன்று காலையிலேயே கோட்டையை மீட்டார். சிப்பாய்களில் மாண்டவர்கள் பல நூறு. அவர்களில் சுமார் நூறு பேர் சுவரருகே நிறுத்திச் சுடப்பட்டவர்கள்.

அதன்பின் விவாதம் திசை மாறியது. கோட்டைக்குள் திப்பு சுல்தானின் குடும்பம் வைக்கப்பட்டிருந்தது. முதல் நாள்தான் திப்புவின் மகளொருத்தியின் திருமணம் நடந்திருந்தது. எனவே இது மைசூர் ஷாஜாதாக்களின் சதி, முஸ்லிம்களின் சதி என்று அதிகாரிகளில் ஒரு சாரார் அடித்துச் சொன்னார்கள். விசாரணைக்குழு உடை மாற்றத்தையும் திப்புவின் குடும்பம் அங்கே இருந்ததையும் சேர்த்தே காரணமாகக் காட்டியது. ஆனால் அச்சம் குழுவின் அறிக்கையைப் படித்துவிட்டு வருவதில்லையே. நவம்பரில் பாளையங்கோட்டையில் மேஜர் வெல்ஷ் முஸ்லிம் சிப்பாய்களை மட்டும் பிரித்து, ஆயுதம் களைந்து, கோட்டையிலிருந்து வெளியேற்றினார். அதற்காக அவர்மீது இராணுவ விசாரணை நடந்தது. அவர் விடுவிக்கப்பட்டார்.

கசையடி பட்ட முதுகுகள் இரண்டு. நவம்பருக்குள் அவற்றில் ஒன்றுதான் நினைவில் எஞ்சியது. வேலூரைப் பற்றி எழுதும்போது நம்மவர்களும் சிலவேளை இதே தவறைத் தலைகீழாகச் செய்வதுண்டு. அதை முழுக்க முழுக்க நமது வீரக் கதையாக்கி, திருநீற்றை அழிக்கச் சொன்னபோது கொதித்தவர்களை விட்டுவிடுகிறோம். திப்புவின் பெயரால் சிலர் திட்டமிட்டது உண்மையாகவே இருக்கட்டும். அவர்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது அந்த விதிநூல்தான்.

தலைப்பாகைக் கட்டளை அந்த ஜூலையிலேயே மீட்டுக்கொள்ளப்பட்டது. 1807இல் பென்டிங்கும் கிரடொக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். பழைய தலைப்பாகையோடு மதராஸ் படை தொடர்ந்து இயங்கியது.

அதே ஆண்டுகளில் இலங்கையில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒல்லாந்தரிடம் சேவகம் செய்த மலாய் முஸ்லிம் படையினரை, நம் ஊர்களில் ஜாவாக்காரர் என்கிறோமே அவர்களை, ஆங்கிலேயர் தம் படையில் சேர்த்துக்கொண்டனர். அது பின்னர் இலங்கை ரைபிள் படையாக வளர்ந்து 1873இல் கலைக்கப்பட்டது. 1803இல் இலங்கை பற்றி நூல் வெளியிட்ட ரொபர்ட் பேர்சிவல் என்ற இராணுவ அதிகாரி, இந்த மலாய்ச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு தம் கிறிஸ் கத்தியையும் இடுப்பில் அணிந்திருந்ததாகவும், சண்டை உச்சத்தில் துப்பாக்கியை எறிந்துவிட்டுக் கிறிஸோடு பாய்ந்ததாகவும் எழுதுகிறார். சீருடை விதியின் கண்ணில் இதைவிடப் பெரிய மீறல் ஏது? ஆயினும் அனுமதித்தார்கள். கண்டியோடு போர் செய்ய அவர்கள் தேவைப்பட்டார்கள், அவ்வளவுதான். பெருந்தன்மை என்று இதைப் புகழ வேண்டியதில்லை. ஆனால் அதே ஆங்கிலேயர், ஒரே காலம், பாக்கு நீரிணையின் ஒரு கரையில் தாடி ஆகாது, மறுகரையில் கத்தியே ஆகும் என்றால், ஒரே சீர்மை இல்லாமல் படை நிற்காது என்ற வாதம் எங்கே போயிற்று?

சின்னம் என்பதே வெறுப்புக்குரியதல்ல. முதல் உலகப்போரில் அமெரிக்காவின் 81ஆம் டிவிஷன் தானாகவே ஒரு காட்டுப்பூனைச் சின்னத்தைத் தோளில் தைத்துக்கொண்டது. மற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். 1918இல் தளபதி பெர்ஷிங் அதை அனுமதித்தார். பிறகு எல்லா டிவிஷன்களுக்கும் சின்னம் வந்தது. இன்று அந்தப் படையில் இடது தோளில் தற்போதைய படைப்பிரிவின் சின்னம் கட்டாயம். வலது தோளில் தான் போருக்குச் சென்ற பிரிவின் சின்னத்தை அணிவதா, பல இருந்தால் எதை அணிவது, அல்லது ஒன்றுமே வேண்டாமா என்பது படைவீரனின் விருப்பம். இடது தோள் சர்க்காருக்கு, வலது தோள் அவனுக்கு என்று மதராஸ் சிப்பாயின் பழைய பங்கீடு வேறொரு வடிவில் அங்கே இருக்கிறது.

இந்தியாவில் அந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. தாடி வைத்ததற்காக விமானப்படையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு முஸ்லிம் வீரரின் மனுவை உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15இல் தள்ளுபடி செய்தது. படையின் ஒற்றுமைக்கும் ஒழுங்குக்கும் ஒரே சீரான தோற்றம் வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். முடி வெட்டுவதையோ முகம் மழிப்பதையோ மதம் தடைசெய்தால் விலக்கு உண்டு என்று விமானப்படையின் விதியே சொல்கிறது. சீக்கியர் அதற்குள் வருகிறார்கள். தாடி விரும்பத்தக்கது என்று மட்டுமே சொல்லப்பட்டதால் முஸ்லிம் அதற்குள் வரவில்லை. வேலூர் அதிகாரிகள் தேடிய அதே தடையைத்தான் இந்த நீதிமன்றமும் தேடியது.

மதுரையில் வேறு விதமாக நடந்தது. மக்காவுக்குச் சென்று தாடியோடு திரும்பிய ஒரு காவலருக்கு ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, முஸ்லிம் காவலர்கள் பணியிலும் ஒழுங்குபடுத்திய தாடி வைத்துக்கொள்ளலாம் என்ற 1957ஆம் ஆண்டு மதராஸ் போலீஸ் கெஸட்டை எடுத்துக்காட்டி, அந்தத் தண்டனையை ரத்துச் செய்து மறுபரிசீலனைக்கு அனுப்பியது. 67 ஆண்டுகளாக அந்த அனுமதி அச்சிலேயே இருந்திருக்கிறது. தண்டனை கொடுத்தவர்கள் அதைத் திறந்து பார்க்கவில்லை.