தாலம் தாளத்தின் பிள்ளையா?

சிற்பம் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் தொற்றியிருக்கிறது. நவதாலம், தசதாலம் என்று தொடங்கியதும், ‘தாலம் என்பது தாளமே; சிற்பம் கல்லில் உறைந்த இசை’ என்று முடித்துவிடுகிறார்கள். கேட்க இனிக்கிறது. சொல் அந்த வழியில் வரவில்லை.

தாலம் கையில் பிறந்த சொல். வடமொழித் தலத்துக்குப் பரப்பு என்பதோடு உள்ளங்கை என்றும் பொருள். கரதலம் நமக்குப் புதிதா? கரதலப்பாடம் என்கிறோமே. அதன் வழி வந்த தாலம், விரித்த கையில் கட்டைவிரல் நுனிக்கும் நடுவிரல் நுனிக்கும் இடைப்பட்ட நீளம். மோவாயில் கட்டைவிரலை ஊன்றி நடுவிரலை மேலே நீட்டிப் பாருங்கள்; முன்மயிர் தொடங்கும் இடத்தை ஏறத்தாழத் தொடும். முகநீளம் தாலமானது இப்படித்தான். அதற்கு 12 அங்குலம். ஒன்பது தாலத்துக்கு 108. தாளமோ அதே கையைத் தட்டி எண்ணுவது. இரண்டும் உடன்பிறப்புகள்; ஒன்று மற்றதைப் பெறவில்லை. ஒன்றுக்கு லகரமும் மற்றதற்கு ளகரமும் கொடுத்துப் பிரித்துவைத்தது தமிழ்.

தாலம் பனைக்கும் பெயர்; பனையோலையால் அளந்ததால் தாலம் என்பாரும் உண்டு. சுவாமிமலைப் பட்டறைகளில் ஓலை இருப்பது மெய்தான். படிமத்தின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துப் பகுதி காணும் ஒடியோலை அது. ஆனால் தென்னையோலை. தால் என்றால் நாக்கு, நாக்கு இருப்பது முகத்தில், ஆகவே தாலம் என்போரைத் தாலாட்டோடு விட்டுவிடலாம்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அரங்கு அளக்கும் கோலுக்கு 24 விரல் வகுக்கிறது. அதற்கான மூங்கிலோ கணுவுக்குக் கணு ஒரு சாண் வளர்ந்திருக்க வேண்டும். சாண் 12 விரல்; கோல் இரண்டு சாண், அதாவது நம் முழம். அக்கோலால் அரங்கின் அகலம் 7, நீளம் 8, உயரம் 1. எண்சாண் உடம்புக்கும் கணக்கு இதுவே: அவரவர் விரலால் 96. சாண் சுண்டுவிரல்வரை போகும், தாலம் நடுவிரலோடு நிற்கும் என்று மறுப்பார்கள். இரண்டுக்கும் 12 தானே எண்ணினார்கள்? எனக்கு அது போதும்.

சிக்கல் உத்தம தசதாலத்தில்தான். பத்துத் தாலத்துக்கு 120 வர வேண்டும். பெருந்தெய்வங்களுக்கு நூல்கள் தருவதோ 124. மத்திமத்துக்கு 120, அதமத்துக்கு 116. இங்கே தாலம் முகத்தை விட்டு விலகி வகைப்பெயராகிவிட்டது. அங்குலமும் எவர் விரலும் அல்ல. படிமத்தின் உயரத்தில் 124இல் ஒரு பங்கு, தேகலப்தாங்குலம். சாண் உயரப் படிமமோ ஆளுயரப் படிமமோ, பங்கு 124தான். அங்குலம்தான் சுருங்கி விரியும். பத்துக்கு 120 என்று தொடங்கி 124இல் முடிக்கும் தாளத்தை எந்த நட்டுவனாரும் ஒப்பமாட்டார். தாலம் அளந்த கையின் சொல் என்பதே என் துணிபு.