ஒற்றைப் பலகைத் திசைவியில் மெய்நிகராக்கம்

ஒற்றைப் பலகைத் திசைவியில் மெய்நிகராக்கம் என்பது, வீட்டு வலையமைப்பை இணையத்துடன் இணைக்கும் சிறு கணினி ஒன்றிலேயே பல மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் முறையாகும். தீயரண், கோப்பு வழங்கி முதலியன தனித்தனிக் கணினிகள் போலச் செயற்படும். ஆயினும் அவை ஒரே பலகையின் செயலியையும் நினைவகத்தையும் பகிர்ந்துகொள்ளும். இதற்குப் பயன்பட்ட பலகைகளுள் சுவிட்சர்லாந்தின் பிசி எஞ்சின்ஸ் நிறுவனம் தயாரித்த ஏபியு2 குறிப்பிடத்தக்கது.

வரலாறு

ஒரு கணினியைப் பல கணினிகளாகக் காட்டும் நுட்பம் பழமையானது. ஐபிஎம் நிறுவனம் 1972 இல் தன் பெருங்கணினிகளுக்காக விஎம்/370 என்னும் இயங்குதளத்தை அறிவித்தது. மேசைக் கணினிகளில் உள்ள எக்ஸ்86 வகைச் செயலிகளில் இதற்கான வன்பொருள் ஆதரவை இன்டெல் 2005 இலும் ஏஎம்டி 2006 இலும் சேர்த்தன. இவ்வாதரவைப் பயன்படுத்தும் கேவிஎம் மென்பொருள், 2007 பெப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் கருனி 2.6.20 இல் இடம்பெற்றது.

பிசி எஞ்சின்சின் முந்தைய அலிக்ஸ் பலகைகளில் இருந்த ஜியோட் செயலிக்கு இவ்வாதரவு இல்லை. ஏபியு2 இல் அது உண்டு. இவ்வரிசைப் பலகைகளின் முடிவை நிறுவனம் 2023 இல் அறிவித்தது.

வன்பொருள்

ஏபியு2 இல் 1 கிகாஏர்ட்சு வேகமுள்ள நான்கு கருச் செயலி (ஏஎம்டி ஜிஎக்ஸ்-412டிசி) உள்ளது. மின்நுகர்வு ஏறத்தாழ 6 முதல் 12 வாட் வரை, விசிறி இல்லை. திரையை இணைக்கும் வசதியும் இல்லாததால், தொடர்நிலைத் துறை வழியாகவே முதல் நிறுவல் செய்யப்படுகிறது. நினைவகம் 2 அல்லது 4 கிகாபைட்டு. பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னர் கூட்ட இயலாது.

செயற்படும் முறை

பலகையில் நேரடியாக நிறுவப்படும் லினக்ஸ், ஓம்புநர் எனப்படும். அதன்மேல் இயங்கும் மெய்நிகர் இயந்திரங்கள் விருந்தினர் எனப்படும். ஓம்புநர், மென்பொருளால் ஆன பாலம் ஒன்றை உருவாக்கி, விருந்தினர்களை ஈதர்நெட் துறைகளுடன் இணைக்கிறது. ஒரு துறை இணையத்துக்கும் மற்றொன்று வீட்டுக்கும் ஒதுக்கப்படும்போது, இடையில் நிற்கும் தீயரண் விருந்தினர் வழியாகவே தரவுகள் செல்லும்.

செயலியின் நேரத்தை விருந்தினர்கள் முறைவைத்துப் பகிரலாம். நினைவகத்தை அவ்வாறு எளிதில் பகிர இயலாது. எடுத்துக்காட்டாக, 4 கிகாபைட்டில் ஓம்புநருக்கு 1, தீயரணுக்கு 1 என ஒதுக்கினால், எஞ்சிய 2 கிகாபைட்டே பிறவற்றுக்குக் கிடைக்கும். எனவே இத்தகைய பலகையில் எத்தனை இயந்திரங்கள் இயங்கலாம் என்பதைப் பெரும்பாலும் நினைவகமே முடிவு செய்கிறது.

நன்மைகளும் குறைபாடுகளும்

ஒரு விருந்தினரின் மென்பொருள் பழுதடைந்தாலும் மற்றவை தொடர்ந்து இயங்கும். மாற்றம் செய்யுமுன் விருந்தினரின் வட்டுக் கோப்பைப் படியெடுத்து வைத்தால், பழைய நிலைக்கு எளிதில் திரும்பலாம்.

எனினும் ஓம்புநர் நின்றால் அனைத்தும் நிற்கும். கருனியைப் புதுப்பித்து மறுதொடக்கம் செய்யும் வேளையில் வீடு முழுவதும் இணையம் இழக்கிறது. தீயரண் விருந்தினர் தொடங்கத் தவறினால், அதைச் சீர்செய்யத் தேவையான கோப்புகளை அவ்விணைப்பின் வழியே பெறவும் இயலாது. அந்நிலையில் பலகையை அணுகத் தொடர்நிலைத் துறையே உதவும்.

இயந்திரங்களுக்கு இடையிலான பிரிப்பும் முழுமையானதன்று. 2018 சனவரியில் வெளிப்படுத்தப்பட்ட இசுபெக்டர் குறைபாடு, ஒரே செயலியைப் பகிரும் நிரல்களுக்கிடையே தகவல் கசியலாம் எனக் காட்டியது.

இவற்றையும் பார்க்கவும்

- மெய்நிகர் இயந்திரம்
- திசைவி
- தீயரண்
- லினக்ஸ் கருனி