ஆமை நடை (சென்னை)

ஜனவரி முதல் மார்ச் வரை, சென்னையின் தென்கடற்கரையில் முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமைகளைத் தேடி, அவை இடும் முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றத் தன்னார்வலர்கள் பின்னிரவில் மேற்கொள்ளும் நடையே ஆமை நடை. நீலாங்கரையிலிருந்து கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாகப் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளும் பாதை இதில் பெயர்பெற்றது. 1970களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேகரின் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்கள் இதைத் தொடங்கினார்கள். 1988 முதல் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு வலையமைப்பு இப்பணியைத் தொடர்ந்து செய்துவருகிறது. வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் சேர்ந்துகொள்வது வழக்கம். காட்டு விலங்கைக் காணும் பயணங்கள் உலகில் எத்தனையோ உண்டு. அவற்றில் இந்த நடையைத் தனித்து நிறுத்துவது ஒன்றுதான்: வேடிக்கை பார்க்க யாரும் வராத இரவிலும் இது நடந்தாக வேண்டும்.

துருவக் கடல்களுக்குச் செல்லும் சுற்றுலாக் கப்பல்களோடு வைத்துப் பார்த்தால் இது விளங்கும். அண்டார்டிகா செல்லும் கப்பல் நிறுவனங்கள் 1991இல் கூட்டமைப்பு ஒன்றை ஏற்படுத்தித் தங்களுக்குத் தாங்களே விதி வகுத்துக்கொண்டன. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையிறங்கக் கூடாது. 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் இறக்கவே கூடாது. பெங்குவினிடமிருந்து 5 மீட்டராவது விலகி நிற்க வேண்டும். நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் 2025 முதல் பனிக்கரடியை 300 மீட்டருக்குள் நெருங்கத் தடை. மார்ச் முதல் ஜூன் வரை அந்தத் தொலைவு 500 மீட்டர். நல்ல விதிகள்தாம். ஆனால் அங்கே விற்கப்படும் சரக்கே காட்சிதான். அந்தக் காட்சியால் விளையும் சேதத்தைக் குறைக்கவே விதிகள் வருகின்றன. பயணி இல்லையென்றால் கப்பலும் இல்லை. பெசன்ட் நகரிலோ வேலை முன்னே போகிறது, பார்வையாளர் பின்னே வருகிறார். விடியும்வரை நடந்தும் ஒரு ஆமையைக்கூடக் காணாமல் திரும்புகிறவர்கள் பலர். அதற்காக அந்த இரவு வீணாகிவிடுவதில்லை.

கூட்டமாகப் போனால் ஆமை மிரளாதா என்ற கேள்வி நியாயமானது. மிரளும். அலையிலிருந்து ஏறிவரும் ஆமை வெளிச்சத்தையோ அசைவையோ கண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடக்கூடும். குழி தோண்டி முட்டையிடத் தொடங்கியபின் அவ்வளவு எளிதில் கலையாது. எனவேதான் டார்ச்சும் ஃபிளாஷும் கூடாது என்கிறார்கள். தடம் கண்டதும் கூட்டத்தை நிறுத்தி, வழிநடத்துபவர் மட்டும் முன்னே செல்கிறார். இந்த ஒழுங்கு குலைந்தால் எதிர்ப்பாளர் சொல்வதே சரி. ஆனால் இந்தக் கரையில் ஆமைக்கு உள்ள தொல்லைகளில் இருபது பேர் அமைதியாக நிற்பது மிகச் சிறியது. எலியட்ஸ் கடற்கரைக்குப் பின்னால் கடைகளும் சாலை விளக்குகளும் இரவு முழுக்க எரிகின்றன. கடலின் மங்கலான ஒளியை நோக்கி ஓட வேண்டிய குஞ்சுகள், அதைவிடப் பிரகாசமான ஊர்ப்பக்கம் திரும்பிவிடுகின்றன. மிச்சத்தை நாய்கள் பார்த்துக்கொள்கின்றன.

இதிலிருந்து அடுத்த ஆட்சேபம் பிறக்கிறது. ஒரு குழியில் நூறுக்கு மேற்பட்ட முட்டைகள் இருக்கும். அவற்றைத் தோண்டியெடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பது இயற்கையில் கைவைப்பதாகாதா? ஆகும்தான், அதற்குரிய விலையும் உண்டு. இட்ட சில மணி நேரத்துக்குள் மாற்றாவிட்டால் கரு சிதையும். மணலின் வெப்பம்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகள் பெருகும். அதனால் பொரிப்பகம் அமையும் இடமும் நிழலும் தலைமுறையின் கணக்கையே மாற்றக்கூடியவை. நாயும் விளக்கும் இல்லாத கரையில் முட்டையை அசைக்காமல் விடுவதே முறை. ஒடிசாவின் கஹிர்மாதாவில் கூட்டங்கூட்டமாக ஏறிவரும் ஆமைகளுக்கு அதுதான் பொருந்தும். தனித்தனியே ஆமைகள் ஏறும் சென்னைக் கரையை நகரம் ஏற்கெனவே மாற்றிவிட்டது. இங்கே சும்மா இருந்துவிடுவதும் ஒரு தலையீடுதான்; என்ன, அது நாய்களுக்குச் சாதகமானது.

மூன்றாவது எதிர்வாதம்தான் வலுவானது: ஆமைகள் சாவது கடலில், கரையில் நடந்து என்ன பயன்? நுரையீரலால் மூச்சுவிடும் உயிர் அது; இழுவைப் படகின் வலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் மூழ்கிச் சாகிறது. 2025 ஜனவரியில் சென்னையிலும் சுற்றுவட்டாரக் கடற்கரைகளிலும் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. முட்டையைக் காப்பது மட்டுமே போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் செத்த ஆமைகளின் எண்ணிக்கை எப்படித் தெரிந்தது? ஒவ்வோர் இரவும் அதே மணலில் நடந்து, எந்த இடத்தில் எந்த நிலையில் உடல் கிடந்தது என்று குறித்துவைக்கும் ஆட்கள் இருந்ததால்தான். பல ஆண்டுகளாகத் திரண்ட அந்தக் குறிப்பு இல்லையென்றால், ஒரு பருவத்தின் சாவு வழக்கமானதா வழக்கத்தை மீறியதா என்று யாராலும் சொல்ல முடியாது. படகுக்காரரும் அரசும் ஆளுக்கொரு கணக்குச் சொல்லியிருப்பார்கள். பொரிப்பகத்தை விடவும் இந்தப் பதிவையே நடையின் பெரிய பயனாகக் கொள்ள வேண்டும்.

கவலைக்குரிய இடம் ஒன்று உண்டு. சுமார் 45 முதல் 55 நாளில் முட்டை பொரிந்ததும் குஞ்சுகளைக் கடலில் விடுவதைக் காணப் பெசன்ட் நகரில் குழந்தைகளோடு குடும்பங்கள் திரள்கின்றன. மணலுக்கு மேலே வந்த குஞ்சுக்கு முதல் சில மணி நேரத் துடிப்புதான் கரையோர அலையைத் தாண்டும் வலுவைத் தருகிறது. கூட்டம் சேரட்டும், படம் எடுக்கட்டும் என்று அதைக் கூடையில் காக்கவைத்தால், அந்த வலு கூடைக்குள்ளேயே கரைந்துபோகும். காட்சிக்காக நேரத்தை நகர்த்தும் அந்த ஒரு மாலையில் ஆமை நடையும் துருவக் கப்பலும் ஒன்றாகிவிடுகின்றன.